குப்பியின் அடியில் இருந்தது

அன்று டிஸ்பென்சரியில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

கம்பவுண்டர் இருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர். டாக்டர் காலையில் வந்து போய்விடுவார். மற்ற நேரமெல்லாம் இவர்தான்.

என் வீட்டுக்காரி இருந்தாள். ஊசி மருந்துக் குப்பி அவள் இடுப்பு மடியில் இருந்தது.

அவள் அண்ணன் இருந்தான். எனக்கு மச்சான். கட்டுமரம் அவனுடையது. அதில் எனக்கு இனி இடம் உண்டா இல்லையா என்று முடிவு செய்ய வந்திருந்தான்.

துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற ஒருவர் இருந்தார். ராயபுரத்துக்காரர். கால் கட்டை மாற்ற வந்தவர். எங்களுக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை.

நான் இருந்தேன். என் காலடியில் தண்ணீர்ச் சொம்பு இருந்தது.

யாரும் யாரையும் நம்பவில்லை. அது எப்படி வந்தது என்று சொல்கிறேன்.

முந்தின மழைக்காலத்தில் கரையேறும்போது அலை எங்கள் மரத்தைப் புரட்டிவிட்டது. கட்டுமரத்தை நாங்கள் மரம் என்றுதான் சொல்வோம். அதன் முனை என் மண்டையில் அடித்தது. இரண்டு நாள் எனக்கு நினைவில்லை. பிறகு எழுந்தேன். காயம் ஆறி வரும்போதே தாகம் பிடித்தது.

சும்மா தாகம் இல்லை. சொம்பைக் கீழே வைத்த கை மறுபடி அதைத் தேடும். குடித்ததெல்லாம் அப்படியே வெளியே போகும். அதுவும் நிறமில்லாமல் பச்சைத் தண்ணீராகப் போகும். சோறு இறங்கவில்லை. தூக்கம் இல்லை. கன்னம் ஒட்டிப்போயிற்று.

எங்கள் குப்பத்தில் நல்ல தண்ணீர் ஊற்று ஒன்றுதான். மற்றதெல்லாம் உப்பு. வீட்டுக்காரி குடம் குடமாகத் தூக்கினாள். மற்றப் பெண்கள் சண்டைக்கு வந்தார்கள்.

"இன்னாமே, வூட்ல யானை கட்டிக்கினு கீறியா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"ஆமா, வந்து சாணி வாரு" என்றாள் இவள்.

சர்க்கரை வியாதி என்று சொன்னார்கள். வீட்டுக்காரி அதை நம்பவில்லை. நான் ஒதுங்குகிற இடத்தில் எறும்பு வருகிறதா என்று குந்தியிருந்து பார்த்தாள். ஒரு எறும்பும் வரவில்லை.

தரையில் இதெல்லாம் தாங்கும். கடலில் தாங்காது. மரத்தில் மூன்று பேர் போவோம். மச்சான், எதிர்வீட்டுக்காரன், நான். மூன்று பேருக்கும் ஒரே கலயம் தண்ணீர். கலயத்தின் வாயைத் துணியால் கட்டி மரத்தோடு பிணைத்திருப்போம். அடுத்தவன் பங்குத் தண்ணீரைக் கேட்காமல் குடிப்பது எங்களில் திருட்டு. வலையைக் கிழித்தவனோடு பேசுவார்கள். தண்ணீர் திருடினவனோடு பேசமாட்டார்கள்.

நான் மறுபடி கடலுக்குப் போன அன்று கரை மறைவதற்குள் கலயம் காலியாகிவிட்டது. வலை இறக்காமலே திரும்பினோம்.

கரையில் மச்சான் என் சட்டையைப் பிடித்தான். அப்போது மதுவிலக்கு வந்திருந்தது. ஆனாலும் சாராயம் கிடைக்கிற இடம் எல்லோருக்கும் தெரியும். குடித்தவனுக்குத்தான் விடிந்ததும் இப்படித் தொண்டை காயும் என்பது அவன் கணக்கு.

"எங்கடா ஊத்திக்கினே?"

"குடிக்கல மச்சான்."

"ஊது."

ஊதினேன். முகர்ந்தான். ஒன்றும் இல்லை.

"கொய்யா எலைய மென்னுட்டு வந்து ஊதறே. யார்கிட்ட டபாய்க்கிறே?"

நான் பேசவில்லை. பேசினால் நாக்கு இன்னும் காயும்.

அவனும் கெட்டவன் இல்லை. "தங்கச்சி மூஞ்சிக்காக எடத்த வெச்சிக்கினு கீறேன். ஒயுங்கா ஆவு. இல்ல, வேற ஆள ஏத்திக்குவேன்" என்றான். மரத்தில் இடம் போனால் எனக்கு வேறு தொழில் தெரியாது. பள்ளிக்கூடத்தில் இரண்டாவதோடு சரி.

வீட்டுக்காரிதான் என்னைப் பஸ் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். அங்கேயும் சந்தேகம்தான். பழக்கத்தில் குடிக்கிறானா, நோயால் குடிக்கிறானா என்று பார்க்க வேண்டும் என்றார்கள். ஒரு அறையில் போட்டு, தண்ணீர் கொடுக்காமல் கதவைச் சாத்தினார்கள். வார்டுபாய் காவல் நின்றான். முகம் கழுவுகிற கிண்ணத்தைக்கூட எடுத்துவிட்டார்கள். ஜன்னல் கம்பியில் மழைத்தண்ணீர் நின்றிருந்தது. நாக்கை நீட்டினேன். ஜன்னலையும் சாத்திவிட்டான்.

அவ்வப்போது எடை பார்த்தார்கள். எடை இறங்கியது. உதடு வெடித்தது. அப்போதும் எனக்கு வெளியே போனது தண்ணீர்தான். நிறம் ஏறவே இல்லை. அதைக் கண்ணாடிக் குழாயில் பிடித்து டாக்டர் வெளிச்சத்தில் பார்த்தார். அதற்குப் பிறகுதான் அவர் குரல் மாறியது.

"இவனுக்குத் தண்ணி குடு" என்றார்.

நான் குடித்து முடித்ததும் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார். "இதோ பாருப்பா. மூளைக்கு அடியில பட்டாணி அளவுக்கு ஒரு சுரப்பி இருக்கு. உடம்புல தண்ணியை நிறுத்தி வைக்கிற சத்து அதுலேர்ந்துதான் வரது. அடிபட்டதுல அது நின்னுபோச்சு. சர்க்கரைக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை. ரொம்ப அபூர்வம். என் சர்வீஸ்ல நீ ரெண்டாவது ஆள்."

அந்தச் சத்தை மாட்டின் தலைக்குள் இருக்கும் சுரப்பியிலிருந்து எடுத்து ஊசியில் போடுவார்களாம். வாயில் கொடுத்தால் வயிறு அதைத் தின்றுவிடுமாம்.

"எத்தினி நாளைக்கு சாமி?" என்று வீட்டுக்காரி கேட்டாள்.

"இருக்கற வரைக்கும்."

முதலில் தண்ணீரில் கரைத்த மருந்து போட்டார்கள். வயிற்றைப் பிடித்து முறுக்கியது. ஆனால் தாகம் நின்றது. சில மணி நேரம்தான், மறுபடி வந்துவிட்டது. அதனால் மெதுவாக இறங்குகிற எண்ணெய் மருந்து ஒன்று தந்தார்கள். நர்ஸம்மா இடுப்புக்குக் கீழே போட்டார். நான் குப்புறக் கிடந்தேன். மருந்தை எப்படி எடுத்தார் என்று பார்க்கவில்லை. அன்று நான் மற்ற மனிதர்களைப் போலக் குடித்தேன். தூங்கினேன். மறுநாளும் அப்படியே.

ஒரு பெட்டி நிறைய எண்ணெய்க் குப்பிகளைத் தந்து, ஒருநாள் விட்டு ஒருநாள் உங்கள் ஊர்க் கம்பவுண்டரிடம் போட்டுக்கொள் என்று அனுப்பிவிட்டார்கள்.

மச்சான் பெட்டியைத் திறந்து பார்த்தான். "மாட்டுத் தலைலர்ந்து எட்த்ததா? தூ, கலீஜ்" என்றான்.

"நீ துன்ற நண்டு இன்னாத்த துன்னுதுன்னு தெரியுமா?" என்றாள் தங்கச்சி. அவன் பெட்டியை மூடினான்.

இங்கே வீட்டுக்காரியின் தொழிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் சுறா ஈரலைக் காய்ச்சி எண்ணெய் எடுப்பாள். மரத்துக்குப் பூச அந்த எண்ணெய்தான். மிச்சத்தை வியாபாரி வாங்கிப் போவான். காய்ச்சின எண்ணெயைப் புட்டியில் ஊற்றி, ஈர மணலில் நட்டு, அசைக்காமல் வைப்பாள். கசடு அடியில் இறங்கும். மேலே தெளிந்ததை மட்டும் சாய்த்து எடுப்பாள். வியாபாரி புட்டியைக் குலுக்கிப் பார்ப்பான். கலங்கினால் வாங்கமாட்டான். அவளிடம் வாங்கின புட்டி கலங்கினதே இல்லை. எண்ணெய் விஷயத்தில் அவள் கண் தப்பாது என்று குப்பம் முழுக்கப் பேச்சு.

அவள் மருந்துக் குப்பி ஒன்றை எடுத்து வெயிலில் பிடித்தாள். மேலே தெளிந்த எண்ணெய். அடியில் பழுப்பாக ஒரு பொட்டு.

"கசடு கீது" என்றாள்.

பெட்டியிலிருந்த எல்லாவற்றையும் பார்த்தாள். எல்லாவற்றிலும் அந்தப் பொட்டு இருந்தது.

"கவுர்மெண்ட்ல குடுக்கறது. அப்டிதான் இருக்கும்" என்றாள். குப்பிகளை ஈர மணலில் வரிசையாக நட்டுவைத்தாள்.

ஊசிக்குப் போகும்போது ஒரு தம்ளரில் மணல் போட்டு, அதில் குப்பியை நிறுத்தி, துளும்பாமல் நடந்து கொண்டுபோவாள். டிஸ்பென்சரி இருக்கிற தேரடிவரை அப்படியே. நான் சொம்போடு பின்னால் போவேன்.

"அடிக்கசடு ஏத்தாத நைனா. சீழ் புடிச்சிக்கும்" என்று கம்பவுண்டரிடம் சொன்னாள்.

அவரும் குப்பியைப் பார்த்தார். இந்த மருந்தை அவர் முன்பு கண்டதில்லை. "ஆமா, அழுக்குத்தான். நான் பாத்துக்கிடுதேன்" என்றார். ஊசி கொதிக்கவைக்கிற அடுப்பு திரைக்குப் பின்னால் இருந்தது. குப்பியை அங்கே எடுத்துப்போனார். ஊசியோடு வந்தார். போட்டார்.

தாகம் நிற்கவில்லை.

அடுத்த ஊசிக்கும் நிற்கவில்லை. அதற்கடுத்ததற்கும் இல்லை. வீட்டுக்காரி மறுபடி குடம் சுமந்தாள். ஒருநாள் ஊசி போட்ட இடத்தில் கசிந்ததை விரலால் தொட்டு முகர்ந்தாள். மறுபடி முகர்ந்தாள்.

"கடலெண்ணெய்" என்றாள்.

"இன்னா?"

"வேர்க்கடலை எண்ணெய்யா. வடை சுடறது. மருந்த அவன் உள்ளார எட்த்து வெச்சிக்கினு, உனக்கு இத்த ஏத்தறான்."

நானும் தொட்டு முகர்ந்தேன். கடலெண்ணெய்தான்.

அன்றிலிருந்து அவளுக்குத் திரைதான் கண்ணில் நின்றது. யாரோ பணக்காரருக்கு இதே வியாதி இருக்கிறது, மருந்து அங்கே போகிறது என்றாள். கம்பவுண்டரின் புதுச் செருப்பைக் காட்டினாள். எனக்கும் சந்தேகம் வந்தது. அவருக்கோ என் மேல் சந்தேகம். குடியை மறைக்க நான் வியாதி என்று கதை கட்டினதாக அவர் தேரடியில் சொன்னது எங்கள் காதுக்கு வந்தது.

மச்சான் நாள் குறித்துவிட்டான். "நானே வர்றேன். என் எதிர்ல போடட்டும். அதுக்கு மேலயும் நீ தண்ணி தண்ணின்னா, எடம் கெடையாது" என்றான்.

அதுதான் நான் முதலில் சொன்ன நாள்.

அன்று அவள் தம்ளரைக் கொண்டுவரவில்லை. குப்பியை வெளியே தெரியும்படி கொண்டுபோனால் கம்பவுண்டர் வாசலிலேயே பிடுங்கிக்கொள்வார் என்று மடியில் முடிந்துகொண்டாள். நல்ல வெயில். வேகமாக நடந்தாள்.

உள்ளே போனதும் கம்பவுண்டர் கையை நீட்டினார். இவள் கொடுக்கவில்லை.

"ஊசிய இங்க எட்த்துனு வா. தெரைக்குப் பின்னால ஒண்ணும் வேணாம்."

"ஏம்மா, என்ன சொல்லுதே? அடுப்பு அங்கனதானே இருக்கு?"

"அடுப்பு கீது. இன்னொண்ணும் கீது."

"என்னது?"

"கடலெண்ணெய் டின்னு."

கம்பவுண்டர் முகம் கறுத்தது. "என்னைக் களவாணிங்கியா? கோயில்ல வேதம் வாசிக்கிறவன் நான்."

"படிக்கறவன் எட்க்க மாட்டானா?" என்று கால் கட்டுக்காரர் கேட்டார்.

"நீரு சும்மா கெடயும்வே. உம்ம காலப் பாத்துக்கிடும்."

"கால நீதானே பாக்கணும்? அதுக்குத்தானே காலைலர்ந்து குந்திகினு கீறேன்."

வீட்டுக்காரி குப்பியை மடியிலிருந்து எடுத்தாள். கைக்குள் இறுக்கிப் பிடித்து அவர் முகத்துக்கு நேரே ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே கேட்டாள். எத்தனை ஊசி போட்டாய், ஒன்றாவது கேட்டதா, யாருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாய், இந்த மனுசன் சாகட்டும் என்று பார்க்கிறாயா. ஒவ்வொரு கேள்விக்கும் கை மேலும் கீழும் போயிற்று. மச்சான் "உடுமே, உடுமே" என்றான். அவள் விடவில்லை.

கம்பவுண்டருக்கு ரோஷம் வந்துவிட்டது. கொதித்த ஊசியைத் தட்டோடு தூக்கி வந்து எங்கள் நடுவில் வைத்தார்.

"கொண்டா. எல்லாரும் பாருங்க. பெறவு என்னைப் பேசப்படாது."

குப்பியின் கழுத்தை அறுத்து உடைத்தார். வெளிச்சத்தில் பிடித்தார். குப்பி முழுக்கக் கலங்கி டீத்தண்ணீர் போல இருந்தது.

"அழுக்கு கலங்கிட்டே. உள்ள கொண்டுபோய்ச் செத்த நேரம் நிறுத்தி வச்சா தெளியும்."

"தெளிய வெக்கறியா? மாத்த வெக்கறியா? ஒரு சொட்டு மிச்சம் வெக்காம இப்பவே ஏத்து."

"கட்டி வச்சுச் சீழ் கோத்தா?"

"கோத்தா கோக்கட்டும்."

என்னை யாரும் கேட்கவில்லை. சீழ் வைத்துப் படுத்தாலும் மரத்தில் இடம் போகும். ஊசி இல்லாவிட்டாலும் போகும்.

"போடுங்க" என்றேன். அன்று நான் பேசினது அது ஒன்றுதான்.

போட்டார். வலித்தது.

வீட்டுக்கு வந்து பானை பக்கத்தில் உட்கார்ந்தேன். பொழுது சாய்ந்தது. சொம்பு நிரம்பியே இருந்தது. கையை அதன் மேல் வைத்துப் பார்த்தேன். குடிக்கத் தோன்றவில்லை. வெளியே போகவும் தோன்றவில்லை. போனபோது நிறம் இருந்தது. வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் சிரித்தாள்.

"மாட்டிக்கினான் இல்ல? அதான் அசல் மருந்த வெச்சிட்டான்" என்றாள்.

"குப்பி உன் மடிலதானே இருந்துச்சு?"

அவள் மடியைத் தொட்டுப் பார்த்தாள். யோசித்தாள்.

அடுத்த குப்பியையும் கண் முன்னால்தான் உடைத்தார். திரை இல்லை, மறைவு இல்லை. ஆனால் சண்டை தீர்ந்துவிட்டதால் அவள் பழையபடி தம்ளர் மணலில் நிறுத்திக் கொண்டுபோயிருந்தாள். தெளிந்ததை மட்டும் எடுக்கச் சொன்னாள். எடுத்தார். விடிவதற்குள் தாகம் திரும்பிவிட்டது.

மச்சான் வாசலில் நின்று சொம்பைப் பார்த்தான். திரும்பிப் போனான். வேறு ஆள் பார்ப்பதாக எதிர்வீட்டுக்காரன் சொன்னான்.

கம்பவுண்டர் மாற்றவில்லை என்பது இப்போது அவளுக்கும் தெரியும். அதனால் சந்தேகம் இடம் மாறியது.

"பொட்டிலயே கலப்படம். ஒண்ணு அசலு, நாலு போலி. பெரிய ஆஸ்பத்திரிலயே கை வெச்சிக்கிறாங்க" என்றாள். பெட்டி, தம்ளர், மணல் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டாள். கம்பவுண்டரும் கூடவே பஸ் ஏறினார். தன் பேர் சுத்தமாக வேண்டும் என்றார். வழியெல்லாம் இரண்டு பேரும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

டாக்டர் கேட்டார். "எப்படி ஊசி போட்டீங்க? செஞ்சு காட்டுங்க."

வீட்டுக்காரி தம்ளர் மணலில் குப்பியை நிறுத்தினாள். கசடு இறங்குவதைக் காட்டினாள். தெளிவு எதுவரை, கசடு எதுவரை என்று நகத்தால் கோடு போட்டாள். மேலே இருப்பதை மட்டும் எடுப்பேன் என்றார் கம்பவுண்டர். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு பேருக்கும் ஒரே பேச்சு.

டாக்டர் நர்ஸம்மாவிடம் வெந்நீர் கொண்டுவரச் சொன்னார். குப்பியை எடுத்து வெந்நீரில் போட்டார். சூடேறினதும் எடுத்துக் குலுக்கினார். நன்றாகக் குலுக்கினார். குப்பி கலங்கி டீத்தண்ணீர் நிறமானது.

"இந்தப் பழுப்பு அழுக்கு இல்லம்மா. இதுதான் மருந்து. மேல நிக்கறது வெறும் கடலெண்ணெய். மருந்தைக் கீழ விட்டுட்டு எண்ணெயை மட்டும் ஏத்தியிருக்கீங்க."

வீட்டுக்காரி கம்பவுண்டரைத் திரும்பிப் பார்த்தாள்.

"கடலெண்ணெய்னு நான் அப்பவே சொன்னேன்" என்றாள்.

"சூடு பண்ணிக் குலுக்கிப் போடணும்னு யாரும் சொல்லலையா?" என்று டாக்டர் கேட்டார். நர்ஸம்மாவைப் பார்த்தார். நர்ஸம்மா என்னைப் பார்த்தார். சொல்லவேண்டியவர் யார் என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை.

திரும்பும்போது அவள் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். பஸ் குலுங்கினபோது அதை அசையாமல் பிடித்துக்கொள்ளவில்லை.

மன்னிப்பு என்று யாரும் கேட்கவில்லை. சில நாள் கழித்து அவள் ஒரு புட்டி ஈரலெண்ணெயைக் கொண்டுபோய்க் கம்பவுண்டர் மேஜையில் வைத்தாள். முழங்கால் வலிக்குத் தேய்க்கலாம் என்றாள். அவர் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். குலுக்கினார். மறுபடி பார்த்தார்.

"அடியில ஒண்ணுமே இல்லியே. மருந்தைப் பூரா நீங்களே எடுத்துக்கிட்டியளோ?" என்றார்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, "குப்பியக் குலுக்கு நைனா, பேசாத" என்றாள்.

அவர் புட்டியை வைத்துவிட்டு, வெந்நீரில் கிடந்த மருந்துக் குப்பியை எடுத்துக் குலுக்கினார். அவள் எண்ணெய் வியாபாரி பார்க்கிற மாதிரியே பார்த்தாள். வியாபாரிக்குக் கலங்கக் கூடாது. இவளுக்கு இப்போது கலங்க வேண்டும். அது ஒன்றுதான் வித்தியாசம்.

மச்சான் கடைசிவரை சாராயக் கணக்கை முழுதாக விடவில்லை. ஆனால் தங்கச்சி போய்ச் சண்டை போட்டாள். "ஒரு தபா ஏத்திக்கினு பாரு. அப்பால சொல்லு" என்றாள். ஒரு தபா என்று ஒத்துக்கொண்டான்.

மூன்று பேரும் போனோம். மச்சான், எதிர்வீட்டுக்காரன், நான். முந்தின நாள்தான் ஊசி போட்டிருந்தது. கலயத்தை மச்சான் தன் கால்மாட்டில் கட்டிக்கொண்டான். கட்டின முடிச்சை இன்னொரு தரம் இறுக்கினான். நான் பார்க்காத மாதிரி துடுப்புப் போட்டேன்.

கரை மறைந்தது. வலை இறக்கினோம். வெயில் ஏறியது. மச்சான் வலையைப் பார்க்கவில்லை. என் வாயையே பார்த்தான். உதட்டை நக்கினால்கூடப் பார்த்தான். உப்புப் பட்டால் யாரும் நக்குவான். அதனால் நக்காமல் இருந்தேன்.

வலை தூக்கும்போது எதிர்வீட்டுக்காரன் தண்ணீர் கேட்டான். மச்சான் கொடுத்தான். எனக்கும் நீட்டினான். வாங்கிக் குடித்துத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கினதும் கலயத்தை ஆட்டிச் சத்தம் கேட்டுப் பார்த்தான். அன்று முழுவதும் அப்படியே நடந்தது. யார் குடித்தாலும் அவன் விரலை மடக்கினான்.

கரைக்கு வந்து மரத்தை இழுத்துப் போட்டோம். மீனைப் பிரிக்கவில்லை. மச்சான் முதலில் கலயத்தை அவிழ்த்து மணலில் கவிழ்த்தான். தண்ணீர் மிச்சம் இருந்தது. அது மணலில் இறங்குகிறவரை பார்த்துக்கொண்டு நின்றான்.

"நாளிக்கி ஜல்தியா வந்துடு" என்றான்.

எதிர்வீட்டுக்காரன் ஆறு தடவை குடித்திருந்தான். மச்சான் ஐந்து.

நான் மூன்று.